பெண்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள்? பெண்ணியம் தேடிய விடைகள்

உலகச் சிறைகளில் இருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு இந்த விகிதம் கொஞ்சம் ஏறும், இறங்கும். கைது, வழக்கு, தண்டனை எதை வைத்து எண்ணினாலும் பெண்கள் சிறுபான்மைதான். குற்றம் கடுமையாக ஆக ஆக இடைவெளியும் அகலமாகிறது. கடைத்திருட்டு வழக்குகளில் பெண்கள் கணிசமாகத் தென்படுவார்கள். ஆயுதக் கொள்ளையில் அரிது.

இவ்வளவு வெளிப்படையான ஒரு வேறுபாட்டைக் குற்றவியல் துறை தன் முதல் நூறு ஆண்டுகளில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆண் குற்றம் செய்தால் வறுமை, நகர வாழ்க்கை, கூட்டாளிகள், வேலையின்மை என்று சமூகத்தில் காரணம் தேடினார்கள். பெண் குற்றம் செய்தால் அவள் உடம்பில் தேடினார்கள். இந்த ஓரவஞ்சனை மீதான கோபத்தில்தான் பெண்ணியக் குற்றவியல் பிறந்தது. ஆனால் பெண்ணிய விளக்கம் என்று ஒரே ஒரு விளக்கம் கிடையாது. ஒன்றோடொன்று சண்டை போடும் பல விளக்கங்கள் உண்டு, எல்லாமே ஒரே அளவுக்குத் தேறுபவையும் அல்ல. ஒரு பெண் பட்ட துன்பத்தை மட்டும் சொல்லி அவள் எடுத்த முடிவைச் சொல்லாமல் விட்டால் அது பாதி விளக்கம். முடிவை மட்டும் சொல்லி, அப்போது அவளுக்கு எந்தெந்த வழிகள் திறந்திருந்தன, எவை அடைத்திருந்தன என்பதை விட்டுவிட்டால் அதுவும் பாதிதான். இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தே ஒவ்வொன்றையும் எடைபோட நினைக்கிறேன்.

உடம்பில் தேடிய காலம்

1893-ல் இத்தாலியில் செசாரே லொம்ப்ரோசோவும் குலியெல்மோ ஃபெரேரோவும் குற்றவாளிப் பெண்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். மண்டை ஓடுகளையும் முகங்களையும் அளந்தார்கள், பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார்கள், படங்களைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். பரிணாமத்தில் பெண் ஆணுக்குப் பின்தங்கியவள் என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் பெண்கள்தானே அதிகம் குற்றம் செய்ய வேண்டும்? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். தாய்மையும் மந்தபுத்தியும் அடங்கிப்போகும் குணமும் அவளைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்றார்கள். அந்தக் கட்டையும் அறுத்துக்கொண்டு குற்றம் செய்பவள் ஆண் குற்றவாளியைவிடக் கொடியவள், ஓர் அரக்கி.

லொம்ப்ரோசோவின் அளவுகோல்கள் குப்பைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஆனால் பெண் குற்றவாளி இரண்டு தடவை தவறியவள், சட்டத்திலிருந்து ஒரு தடவை, பெண்மையிலிருந்து இன்னொரு தடவை என்ற எண்ணம் மட்டும் நீதிமன்றங்களில் தங்கிவிட்டது.

1950-ல் அமெரிக்காவில் ஓட்டோ போலக் வேறு கோணத்திலிருந்து வந்தார். பெண்களும் ஆண்களுக்கு ஈடாகவே குற்றம் செய்கிறார்கள், வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான் என்றார். சமைப்பவளும் நோயாளியைக் கவனிப்பவளும் விஷம் வைத்தால் யாருக்குத் தெரியும்? பிடிபட்டாலும் போலீஸ்காரரும் நீதிபதியும் ஆண்களாயிற்றே, இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. பெண்களுக்கு ஏமாற்று ஏன் சுலபமாக வருகிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம் இது: மாதவிடாயை மறைத்தும் படுக்கையில் இன்பத்தை நடித்தும் அவர்கள் பழகியிருக்கிறார்கள்! ஒரு சமூக அறிவியல் நூலில் இப்படி எழுத முடிந்தது, அதைக் கால் நூற்றாண்டுக்கு மேற்கோள் காட்டவும் முடிந்தது.

சட்டமும் இதே பாதையில்தான் நடந்தது. பிரசவித்த தாய் தன் பச்சிளங்குழந்தையைக் கொன்றால் அதைக் கொலையாகக் கருதாமல் தனிக் குற்றமாகப் பார்க்க இங்கிலாந்து 1922-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுதாக மீளாததால் மனநிலை குலைந்திருந்தால் என்று காரணமும் சொன்னது. 1938-ல் அதைத் திருத்தி எழுதியபோது, பால் சுரப்பின் விளைவால் குலைந்திருந்தால் என்ற காரணத்தையும் சேர்த்தார்கள். தூக்குத் தண்டனைத் தீர்ப்பிலிருந்து பல பெண்களைக் காப்பாற்றிய கருணையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, வேலை போய், வீட்டிலும் இடமில்லாமல் நின்ற வேலைக்காரப் பெண்ணின் நிலைமை அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. வறுமையும் அவமானமும் இருந்த இடத்தில் பால் சுரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

உடம்பை விட்டு வெளியே வந்த கோட்பாடுகளோ பெண்களையே விட்டுவிட்டன. 1969-ல் ட்ராவிஸ் ஹிர்ஷி முன்வைத்த கட்டுப்பாட்டுக் கோட்பாடு இன்றும் பாடத்திட்டங்களில் இருப்பது. மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதைவிட ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று கேட்பதே சரி; குடும்பத்தோடும் பள்ளியோடும் உள்ள பிணைப்புதான் அதற்கு விடை என்றது அது. கலிபோர்னியாவில் அவர் பயன்படுத்திய ஆய்வில் சிறுமிகளிடமிருந்தும் தகவல் திரட்டியிருந்தார்கள். அலசும்போது சிறுமிகளை ஒதுக்கி வைத்துவிட்டார். குற்றம் செய்யாமல் இருப்பதை விளக்க வந்த கோட்பாடு, மிகக் குறைவாகக் குற்றம் செய்யும் பாதி மனிதகுலத்தை விட்டுவிட்டது.

1968-ல் பிரிட்டனில் ஃபிரான்சிஸ் ஹைடன்சோன் எழுதிய ஒரு கட்டுரையும் 1976-ல் கேரல் ஸ்மார்ட் எழுதிய நூலும் இந்த ஓட்டையைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டின. அதன்பின் கேள்வி இரண்டாகப் பிரிந்தது. 1988-ல் கேத்லீன் டேலியும் மீடா செஸ்னி-லிண்டும் அதைத் தெளிவாக வகுத்தார்கள். ஆண்களை வைத்துக் கட்டிய கோட்பாடுகள் பெண்களுக்கும் பொருந்துமா என்பது ஒன்று. ஆண்களைவிடப் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவாகக் குற்றம் செய்கிறார்கள் என்பது மற்றொன்று. பின்னாலே வந்த விவாதங்களில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால் வந்ததுதான்.

விடுதலை வந்தால் குற்றமும் வருமா?

பெண்ணியத்தின் பெயரால் முதலில் பிரபலமான விளக்கம், என் கணிப்பில், எல்லாவற்றிலும் பலவீனமானது. 1975-ல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஆட்லர், பெண்கள் கல்வியிலும் வேலையிலும் ஆண்களுக்குச் சமமாக வரும்போது குற்றத்திலும் சமமாக வருவார்கள் என்றார். அடக்கி வைத்த ஆக்ரோஷம் வெளியே வரும், கொள்ளையும் வன்முறையும் கூடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதே ஆண்டு ரீட்டா சைமன் கொஞ்சம் நிதானமாக, பெண்கள் அலுவலகங்களுக்கு வர வர மோசடி, கையாடல் போன்ற பணக் குற்றங்கள் கூடும், வன்முறை கூடாது என்றார்.

பத்திரிகைகளுக்கு இது கொண்டாட்டமாகப் போயிற்று. பெண் விடுதலையின் இருண்ட பக்கம் என்று எழுத ஒரு பெண் ஆய்வாளரே ஆதாரம் தந்துவிட்டாரே! ஆனால் எண்களைத் தோண்டியவர்களுக்கு வேறு காட்சி தெரிந்தது. ஓர் ஊரில் ஆயுதக் கொள்ளையில் கைதான பெண்கள் பத்திலிருந்து இருபதானால் அது நூறு சதவீத உயர்வு. ஆண்கள் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து நூறானால் வெறும் பத்து சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் பெண்கள் பாய்ந்து வருவது போலத் தெரியும்; தலைகளை எண்ணினால் ஆண்கள் நூறு பேர் கூடியிருக்கிறார்கள், பெண்கள் பத்தே பேர். டாரல் ஸ்டெஃபென்ஸ்மையர் அந்தக் காலத்து அமெரிக்கக் கைதுக் கணக்குகளை அலசியபோது, பெண்களிடம் உண்மையிலேயே கூடியிருந்தது கடைத்திருட்டு, செல்லாத காசோலை, அரசு உதவித்தொகையில் ஏமாற்று போன்ற சில்லறைக் குற்றங்கள்தான் என்று தெரிந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தவள் செய்யும் குற்றங்கள் அல்ல இவை. மாதக் கடைசியில் கை காலியானவள் செய்பவை.

சிறைக்குப் போன பெண்களைப் பார்த்தாலும் இதே முரண்தான். பெண் விடுதலை இயக்கத்தால் பலன் பெற்ற படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்கள் அங்கே இல்லை. வேலையில்லாதவர்கள், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள்தான் இருந்தார்கள். விவாகரத்தும் தனித் தாய்மையும் கூடிய அந்தக் காலத்தில் பெண்களிடையே வறுமை பெருகியதுதான் இதற்கு இன்னும் பொருத்தமான காரணம் என்று பொருளாதார நோக்குள்ள பெண்ணியர்கள் வாதிட்டார்கள்.

இந்த வாதம் செத்துச் செத்துப் பிழைக்கும். 1980-களில் கனடாவில் ஜான் ஹேகன் வைத்த கோட்பாட்டில், அப்பாவும் அம்மாவும் சமமாக இருக்கும் குடும்பங்களில் மகள்களும் மகன்களைப் போலத் துணிந்து தவறு செய்வார்கள் என்ற கருத்து இருந்தது. அம்மா வேலைக்குப் போனால் மகள் கெட்டுப்போவாள் என்பதைத்தானே சுற்றிவளைத்துச் சொல்கிறீர்கள் என்று செஸ்னி-லிண்ட் சூடாகக் கேட்டார். 1990-களில் சிறுமிகளிடம் வன்முறை பெருகிவிட்டது என்ற பேச்சு கிளம்பியது. கைதுகள் கூடியது உண்மை. ஆனால் சிறுமிகளே தங்கள் நடத்தையைப் பற்றிச் சொன்ன ஆய்வுகளிலும், தாக்கப்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வுகளிலும் அப்படியொரு ஏற்றம் தெரியவில்லை என்று ஸ்டெஃபென்ஸ்மையரும் உடன் ஆய்வாளர்களும் 2005-ல் காட்டினார்கள். சிறுமிகள் மாறியதைவிடக் கைது செய்யும் வழக்கம்தான் அதிகம் மாறியிருந்தது. வீட்டில் அம்மாவோடு நடந்த கைகலப்பு முன்பு வீட்டோடு போய்விடும். இப்போது அது தாக்குதல் வழக்காகப் பதிவாகிறது.

ஓடிப்போன சிறுமி

சரி, சிறைக்கு வரும் பெண்கள் எந்த வழியாக வருகிறார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் பெண்ணியம் தந்த விடைகளில் மிகச் செல்வாக்கானது பிறந்தது. ஹவாயில் சிறார் நீதிமன்றக் கோப்புகளைப் படித்த செஸ்னி-லிண்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சிறுவர்கள் திருடினால், அடித்தால் நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். சிறுமிகளில் பெரும்பங்கு பேர் வந்தது வீட்டைவிட்டு ஓடியதற்காக, பெற்றோர் சொல் கேட்காததற்காக, ஆண்களோடு சுற்றியதற்காக. பெரியவர்கள் செய்தால் குற்றமே ஆகாத காரியங்கள் இவை. ஹொனலுலுவின் பழைய கோப்புகளில் அந்தச் சிறுமிகளுக்கு நீதிமன்றமே மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட்டதும், கன்னித்தன்மை பற்றி மருத்துவர் குறிப்பெழுதியதும் பதிவாகியிருக்கின்றன.

அவள் ஏன் ஓடினாள் என்பதை அந்த நீதிமன்றங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல சமயம் பதில் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும்: அப்பா, மாற்றாந்தந்தை, மாமன், அடி, பாலியல் தொல்லை. ஓடியவளைப் பிடித்து அதே வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்ப ஓடினால் காப்பகத்தில் அடைத்தார்கள். அங்கிருந்தும் ஓடினால் தெருதான். தெருவில் பதினாலு வயதுப் பெண்ணுக்கு முறையான வேலை கிடைக்காது. படுக்க இடம் தருபவனுக்கு விலை கொடுக்க வேண்டும். திருட்டு, உடம்பை விற்பது, எல்லாவற்றையும் மறக்கப் போதைப்பொருள் என்று அடுத்தடுத்து வருகின்றன. அவள் பிழைப்பதற்குச் செய்த ஒவ்வொன்றையும் சட்டம் குற்றமாகக் குறித்துக்கொண்டே வருகிறது. கடைசியில் அவளுடைய குற்றப் பட்டியல் நீளமாக இருக்கும், அவளைத் துரத்தியவனுடையது வெள்ளையாக இருக்கும்.

இதைத்தான் குற்றத்துக்கான பாதைகள் என்ற அணுகுமுறை என்கிறார்கள். எந்தப் பெண்ணும் ஒரு நாள் காலையில் குற்றவாளியாக எழுந்திருப்பதில்லை, பாதிக்கப்பட்டவளும் குற்றம் செய்தவளும் பல வேளை ஒரே ஆள் என்பது இதன் சாரம். இதை அலசிப் பார்த்தவர் டேலி. கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நீதிமன்றத்தில் கடுங்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட 40 பெண்களின் கோப்புகளை ஆழமாகப் படித்து 1992-ல் எழுதினார். ஓடிப்போய்த் தெருவுக்கு வந்தவர்கள் அதில் ஒரு பிரிவு மட்டுமே என்று கண்டார். சிறு வயதில் துன்புறுத்தப்பட்டு, பின்னால் பிறரையும் துன்புறுத்துபவர்களாக வளர்ந்தவர்கள் இன்னும் பெரிய கூட்டம். அடிக்கும் துணைவனைத் திருப்பித் தாக்கியவர்கள் ஒரு பிரிவு. காதலனோ உறவினரோ நடத்தும் போதை வியாபாரத்துக்குள் இழுபட்டவர்கள் ஒரு பிரிவு. மிச்சமிருந்த ஒரு சிறு கூட்டத்திடம் கொடுமைக் கதையும் இல்லை, போதையும் இல்லை. பண நெருக்கடியோ பேராசையோதான் காரணம்.

அந்தச் சிறு கூட்டத்தைப் பலரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். பாதைகள் அணுகுமுறையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. சிறையிலிருக்கும் பெண்களில் பெரும்பாலோர் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பது சரியாக இருக்கலாம். ஆனால் கொடுமைக்கு ஆளான பெண்களில் மிகப் பெரும்பாலோர் சிறைக்குப் போவதே இல்லை. அப்படியானால் கொடுமை மட்டும் காரணமாகாது, அதோடு வேறு ஏதோ சேர வேண்டும்.

இரண்டு ஒப்பந்தங்கள்

சேர வேண்டியது என்ன என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் பாட் கார்லனுடையது. 1980-களில் இங்கிலாந்தில் 15 முதல் 46 வயது வரையுள்ள 39 பெண்களிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்தார். எல்லோரும் தண்டனை பெற்றவர்கள், பெரும்பாலும் உழைக்கும் வர்க்கம். உழைக்கும் வர்க்கத்துப் பெண்ணிடம் சமூகம் இரண்டு வாக்குறுதிகளைக் கொடுத்து அடங்கியிருக்கச் சொல்கிறது என்றார் அவர். ஒழுங்காக வேலை செய், சம்பளமும் அதனால் வரும் வசதியும் கிடைக்கும் என்பது வர்க்க ஒப்பந்தம். சம்பாதிக்கும் ஆணோடு குடும்பம் நடத்து, அன்பும் பாதுகாப்பும் கிடைக்கும் என்பது பாலின ஒப்பந்தம். பெரும்பாலான பெண்கள் இரண்டையும் நம்பி, அல்லது நம்புவது போல, வாழ்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே பொய்த்துப் போனவளுக்கு இழக்க என்ன இருக்கிறது?

அந்த 39 பேரில் பலருக்கு வேலை என்பது கிடைத்ததே இல்லை. கிடைத்தாலும் எடுபிடி வேலை. குடும்பம் என்பது அடியாகவும் வன்கொடுமையாகவும்தான் தெரியும். கணிசமானோர் அரசுக் காப்பகங்களில் வளர்ந்தவர்கள். காப்பகத்தை விட்டு வெளியே அனுப்பப்பட்டபோது கையில் காசும் இல்லை, போக இடமும் இல்லை. வறுமை, காப்பக வாழ்க்கை, போதை ஆகியவற்றோடு இன்னொன்றையும் கார்லன் மறைக்காமல் சேர்த்தார்: பரபரப்பைத் தேடும் ஆசை. குற்றம் செய்வதில் ஒரு கிளுகிளுப்பு இருந்தது, பணம் வந்தது, நாலு பேர் மதித்தார்கள் என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். பரிதாபக் கதையாக மட்டும் எழுதியிருந்தால் இது விடுபட்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கார்லன் தன் விளக்கத்தைக் கட்டியது, சிறுமிகளை ஒதுக்கிவைத்த அதே ஹிர்ஷியின் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் மேல்தான். ஆண்கள் கட்டிய கோட்பாடுகளை மொத்தமாகத் தூக்கி எறிய வேண்டும் என்ற கட்சி பெண்ணியத்துக்குள் இருந்தது. ஆகிவந்ததை எடுத்துப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவோம் என்ற கட்சியும் இருந்தது. இந்த விஷயத்தில் இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது.

பெண்கள் ஏன் குறைவாகக் குற்றம் செய்கிறார்கள் என்ற மறு கேள்விக்கும் இங்கேயிருந்தே வழி பிறக்கிறது. ஹைடன்சோன் 1985-ல் அதற்குப் பதில் எழுதினார். வீட்டில் பிள்ளையும் சமையலும் நேரத்தைத் தின்கின்றன. தெருவில், அதுவும் இருட்டியபின், பயமும் கெட்ட பெயரும் காவல் காக்கின்றன. வேலையிடத்தில் ஆண் மேலதிகாரியும் தொல்லைகளும். குற்றம் செய்வதற்கும் ஓய்வு வேண்டும், வெளியே சுற்ற இடம் வேண்டும், கூட்டாளிகள் வேண்டும். பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டது இவைதான். குற்றமற்ற பெண்மை என்று புகழப்படுவதில் ஒரு பங்கு வீட்டுக் காவல்தான் என்பது கசப்பான முடிவு, ஆனால் சரியானது என்று நினைக்கிறேன்.

தங்கமாக வளர்க்கப்பட்டவள்

கார்லனின் விளக்கம் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இனத்தையும் பாலினத்தையும் தனித்தனியாக எடைபோட்டுக் கூட்டினால் கறுப்பினப் பெண்ணின் நிலைமை கிடைக்காது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் புதிதாக ஒன்று உருவாகிறது என்று கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் வாதிட்டார். குற்றவியலில் இதற்கு அருமையான சான்று பெத் ரிச்சி 1996-ல் வெளியிட்ட ஆய்வு. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 37 பெண்களிடம் வாழ்க்கைக் கதை கேட்டார். துணைவனிடம் அடிபட்ட கறுப்பினப் பெண்கள், அடிபடாத கறுப்பினப் பெண்கள், அடிபட்ட வெள்ளையினப் பெண்கள் என்று மூன்று கூட்டம்.

யாரும் எதிர்பார்க்காதது ஒன்று வெளிவந்தது. அடிபட்ட கறுப்பினப் பெண்கள் பலர் சிறுவயதில் வீட்டின் செல்லங்கள். குடும்பத்தின் நம்பிக்கை நட்சத்திரமாக வளர்ந்தவர்கள், பிறரைத் தாங்கிப் பிடிக்கப் பழகியவர்கள். அந்தப் பெருமைதான் பிறகு பொறியாயிற்று. கட்டிக்கொண்டவன் கை நீட்டியபோது, இனவெறிச் சமூகத்தில் அடிபட்டுத் திரும்பும் கறுப்பின ஆணைத் தானும் கைவிடலாமா, போலீசிடம் காட்டிக்கொடுக்கலாமா, நல்ல குடும்பம் என்ற கனவை உடைக்கலாமா என்று தயங்கினார்கள். அவன் சொன்னதற்காகப் போதைப்பொருள் கடத்தினார்கள், திருடினார்கள், அவன் செய்ததற்குத் தாங்கள் பழி ஏற்றார்கள். செல்லமாக வளராத பெண்கள் அவனைச் சீக்கிரமே உதறிவிட்டுப் போயிருந்தார்கள்! அவர்கள் சிறைக்கு வந்த வழி வேறு. தாழ்ந்த சுயமதிப்புதான் பெண்ணை அடிபட வைக்கிறது என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

அடித்தவனையே கொன்ற பெண்கள் விஷயத்தில் இந்த விவாதம் நேராக நீதிமன்றத்துக்குப் போயிற்று. இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா பத்து ஆண்டு கொடுமைக்குப் பிறகு 1989-ல் தூங்கிக்கொண்டிருந்த கணவர் மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார், கணவர் இறந்தார். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. ஆத்திரமூட்டப்பட்டுச் செய்தது, அதனால் கொலையாகாது என்ற வாதம் எடுபடவில்லை, ஏனென்றால் கட்டுப்பாட்டைத் திடீரென, அந்தக் கணமே இழந்திருக்க வேண்டும் என்பது 1949-லிருந்து வந்த விதி. அந்த விதி பிறந்ததும் கணவனைக் கொன்ற ஒரு பெண்ணின் வழக்கில்தான் என்பது வரலாற்றின் குரூரம். மதுக்கடையில் வாய்த்தகராறில் கத்தியை எடுக்கும் ஆணுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற விதி அது. உடல் பலத்தில் குறைந்தவள் அந்தக் கணத்தில் திருப்பி அடித்தால் அவள்தான் சாவாள், அதனால் காத்திருக்கிறாள். காத்திருந்தது திட்டமிட்டதற்கு அடையாளம் என்றது சட்டம்.

லண்டனில் கறுப்பின, ஆசியப் பெண்களுக்காக இயங்கும் சௌத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு நடத்திய இயக்கத்துக்குப் பின் 1992-ல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தாயிற்று, கொலையல்லாத மரணம் விளைவித்தலாகக் குறைந்து அவர் வெளியே வந்தார். ஆனால் வென்றது எந்த வாதம்? மன அழுத்தத்தால் பொறுப்புணர்வு குறைந்திருந்தது என்ற மருத்துவ வாதம். 1979-ல் லெனோர் வாக்கர் பரப்பிய, அடிபட்ட பெண்ணுக்கு வரும் மனநோய்க்குறி என்ற கருத்து பல நாடுகளில் இப்படிப் பெண்களைக் காப்பாற்றியது. பெண்ணியர்களே இதில் இரண்டுபட்டார்கள். உயிருக்குப் பயந்து அறிவோடு எடுத்த முடிவை நோய் என்று எழுதினால்தான் விடுவிப்பார்கள் என்றால் பால் சுரப்புச் சட்டத்தைத் தாண்டி நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஒரு தரப்பு கேட்டது. சிறையில் கிடப்பவளுக்குக் கோட்பாட்டுச் சுத்தம் சோறு போடாது என்றது மறு தரப்பு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2009-ல் இங்கிலாந்துச் சட்டம் மாறி, கட்டுப்பாட்டை இழந்தது திடீரென நடந்ததா இல்லையா என்பது முக்கியமல்ல என்றானது. 2015-ல் அடிக்காமலே ஒருவரின் வாழ்க்கையை ஆட்டிப்படைத்து அடக்கி வைப்பதும் தனிக் குற்றமாயிற்று. 2019-ல் கணவனைக் கொன்ற சாலி சாலன் என்ற பெண்ணின் கொலைத் தண்டனை ரத்தானபோது அந்தப் புரிதலும் நீதிமன்றத்தில் பேசப்பட்டது.

தெருவில் நிற்பவள் என்ன சொல்கிறாள்

1990-களில் ஒரு புதுத் தலைமுறை ஆய்வாளர்கள், பெண்களை எப்போதும் பலியாடாகக் காட்டுவது அலுத்துப்போய், தெருவுக்கே போனார்கள். லிசா மாஹர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கிராக் என்ற கொக்கெயின் வகைப் போதைக்கு அடிமையான பெண்களோடு நெடுங்காலம் பழகி 1997-ல் எழுதினார். போதைச் சந்தை பெருகினால் பெண்களுக்கும் அதில் வாய்ப்புப் பெருகும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. நடந்தது வேறு. விற்பனை வேலையை ஆண் முதலாளிகள் ஆண்களுக்கே கொடுத்தார்கள். பெண்ணுக்கு வலு இல்லை, நம்ப முடியாது என்று சொல்லி ஒதுக்கினார்கள். சட்டபூர்வச் சந்தையில் சொல்லப்படும் அதே சாக்குகள்! மிஞ்சியது பாலியல் தொழில். அதிலும் கூட்டம் பெருகி விலை சரிந்தது. அந்த நெருக்கடியில் சிலர் வாடிக்கையாளரிடமே கொள்ளையடிக்கத் துணிந்தார்கள். விடுதலையடைந்தவளும் இல்லை, கைப்பாவையும் இல்லை, கிடைத்த குறுகிய சந்தில் கணக்குப் போட்டு நகர்பவள் என்று மாஹர் காட்டிய சித்திரம் எனக்கு மிக நம்பகமாகப் படுகிறது.

ஜோடி மில்லர் 1998-ல் செயின்ட் லூயிஸ் நகரில் வழிப்பறி செய்யும் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டார். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால் இருவரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பணம், நகை, கெத்து. எப்படிச் செய்கிறீர்கள் என்பதில்தான் பிரிந்தார்கள். ஆண்கள் துப்பாக்கியோடு ஆண்களை எதிர்கொண்டார்கள். பெண்கள் பெரும்பாலும் பெண்களிடம் பறித்தார்கள், அல்லது ஆசைகாட்டி ஆணை வரவழைத்து அசந்த நேரத்தில் பறித்தார்கள், அல்லது ஆண் கூட்டாளிக்குத் துணை நின்றார்கள். பெண் குற்றவாளிக்கென்று தனி மனசு ஒன்று தேட வேண்டியதில்லை, பாலினம் முக்கியமாக வேலை செய்யும் இடம் செய்முறைதான் என்பது இதிலிருந்து கிடைக்கும் செய்தி. லொம்ப்ரோசோவுக்கு மட்டுமல்ல, சில பெண்ணியர்களுக்கும் இது தர்மசங்கடம்.

விளக்கங்கள் அதிகாரிகளின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா உதாரணம். அங்கே 1990-ல் பெண்கள் இயக்கத்தினரும் சேர்ந்த ஒரு பணிக்குழு, பெண் கைதிகளின் கடந்தகாலக் காயங்களைக் கணக்கில் எடுத்துச் சிறையையே மாற்றியமைக்கச் சொன்னது. அரசு ஏற்றுக்கொண்டது, கிங்ஸ்டனில் இருந்த பழைய பெண்கள் சிறை 2000-ல் மூடப்பட்டது. ஆனால் புதிய ஏற்பாட்டில் அந்தக் காயங்களே ஆபத்துக்கான மதிப்பெண்களாக மாறின என்று கெல்லி ஹன்னா-மொஃபாட் எழுதினார். சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானாயா, தற்கொலைக்கு முயன்றாயா? அப்படியானால் நீ ஆபத்தானவள், கூடுதல் காவல் வேண்டும். அவளைப் புரிந்துகொள்வதற்காகத் திரட்டிய தகவல் அவளைப் பூட்டி வைக்கக் காரணமாயிற்று.

அமெரிக்காவில் கதை இன்னும் நேரடியானது. 1980-ல் சுமார் 26,000 பெண்கள் சிறைகளிலும் காவல் கூடங்களிலும் இருந்தார்கள். 2019-ல் 2,20,000-க்கும் மேல். நாற்பது ஆண்டுகளில் பெண்கள் எட்டு மடங்கு கெட்டுப்போகவில்லை. போதைப்பொருள் சட்டங்கள் இறுகின, குறைந்தபட்சத் தண்டனை கட்டாயமாயிற்று, சிறிய அளவோடு பிடிபட்டவளும் காதலனின் பொட்டலத்தைச் சுமந்தவளும் உள்ளே போனார்கள். தண்டனையைக் குறைக்கப் பேரம் பேசி, காட்டிக்கொடுப்பதற்கு அவளிடம் மேல்மட்டத்துப் பெயர்கள் இருக்காது, அவனிடம் இருக்கும். குற்றம் ஏன் கூடியது என்று கேட்கும் முன் தண்டனை ஏன் கூடியது என்று கேட்க வேண்டிய இடம் இது.

இரக்கம் காட்டி விட்டுவிடுகிறார்கள் என்ற போலக்கின் வாதமும் முழுப் பொய்யல்ல, ஆனால் இரக்கம் யாருக்கு என்பதில் சூட்சுமம் இருக்கிறது. ஸ்காட்லாந்து நீதிபதிகளிடம் பேசி கார்லன் 1983-ல் எழுதியதில், பெண்ணைச் சிறைக்கு அனுப்புவதா என்று தயங்கும்போது அவர்கள் பார்த்தது குற்றத்தைவிட அவள் எப்படிப்பட்ட தாய் என்பதைத்தான் என்று தெரிகிறது. நல்ல தாய் வீட்டுக்குப் போகலாம். பிள்ளை காப்பகத்தில் இருக்கிறது, புருஷன் இல்லை என்றால் சிறைதான். இரண்டு தடவை தவறியவள் என்ற அந்தப் பழைய தீர்ப்பு வேறு உடையில் நிற்கிறது.

பெண்ணிய விளக்கங்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்களைச் சுற்றியே வளர்ந்தவை. பணமும் பதவியும் உள்ள பெண்களின் குற்றம் இன்னும் சரியாக ஆராயப்படாத பகுதி. 2013-ல் ஸ்டெஃபென்ஸ்மையரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 83 பெருநிறுவன மோசடிகளில் குற்றம் சாட்டப்பட்ட 436 பேரை எடுத்து அலசினார்கள். பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இருந்த பெண்களும் சதிக்குழுவின் மையத்தில் இல்லை. சிறிய பங்கு, ஆண் கூட்டாளிகளைவிடக் குறைந்த லாபம். அவர்கள் உள்ளே வந்தது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: முக்கியக் குற்றவாளியின் மனைவியோ நெருக்கமானவரோ என்பதால், அல்லது கணக்கு அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற பதவியில் இருந்ததால். ஆட்லர் எதிர்பார்த்த சமத்துவம் பெருநிறுவனக் கொள்ளையிலும் வந்து சேரவில்லை. நிதித் தலைமைப் பதவிகளில் பெண்கள் கூடக் கூட இந்தக் கணக்கு மாறுமா, அல்லது சதி பேசும் அறைக்குள் அப்போதும் அவர்களைக் கூப்பிட மாட்டார்களா என்பதை அடுத்து வரும் வழக்குகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.